சின்ன பிலிமில் வைடு ஷாட்: எதில் காசு போடுவது?

சூப்பர் 8 என்ற சின்ன சினிமா பிலிம் கேமராவில் முதல் ரோலை ஓட்டிப் பார்த்தவர்களும், பழைய 16 எம்.எம். கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியவர்களும் கடைசியில் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஜூமை முழுக்க இழுத்து எடுத்த முகத்தில் கண் இமையை எண்ணிவிடலாம். அதே கேமராவில், அதே நாளில், தெருவை அகலமாக எடுத்தால் எல்லாமே சோப்புத் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரித் தெரிகிறது. உடனே எழும் கேள்வி: நல்ல வைடு லென்ஸ் எது?

எனக்கும் அதுதான் முதல் கேள்வியாக இருந்தது. அதற்குப் பதில் தேடி நான் செலவழித்த காசை இன்னொருவர் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வழிகள் ஐந்து இருக்கின்றன. கையில் இருக்கும் ஜூமின் அகல முனையையே வைத்துக்கொள்ளலாம். அதன் முன்னால் ஒரு வைடு கன்வெர்ட்டரைத் திருகலாம். தனியாக ஒரு வைடு லென்ஸ் வாங்கலாம். சூப்பர் 8-ஐ விட்டுப் பெரிய பிலிமுக்கு மாறலாம். அல்லது எதையும் வாங்காமல், இருக்கிற கேமராவையும் லென்ஸையும் அளந்து சரிசெய்யலாம். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடைசியாகச் சொன்னதைச் செய்து முடிக்கும் வரை மற்ற நான்குக்கும் பர்ஸைத் திறக்காதீர்கள்.

முதலில், எது வைடு?

ஸ்டில் கேமராவில் 28 வைடு, 50 நார்மல் என்று பழகிய கண்ணுக்கு இந்தச் சின்ன பிலிம் கணக்கு குழப்பமாக இருக்கும். கோடாக் 1923-இல் கொண்டுவந்த 16 எம்.எம். பிலிமில் ஒரு ஃபிரேமின் அகலம் 10.26 மி.மீ. 1965-இல் வந்த சூப்பர் 8-இல் அது 5.79 மி.மீ. மட்டுமே. ஸ்டில் கேமராவின் 36 மி.மீ. ஃபிரேமோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதனால் சூப்பர் 8 கேமராவின் ஜூமில் 7 எம்.எம். என்று பார்த்ததும் பிரமாத வைடு என்று நினைத்துவிடக் கூடாது. அது பக்கவாட்டில் சுமார் 45 டிகிரிதான் பார்க்கிறது. 6 எம்.எம். என்றால் 51 டிகிரி, அதாவது ஸ்டில் கேமராவின் 35 எம்.எம். லென்ஸை விடவும் கொஞ்சம் குறுகல். 16 எம்.எம். கேமராவில் 10 எம்.எம். லென்ஸ் போட்டால் 54 டிகிரி, கிட்டத்தட்ட அந்த 35-க்குச் சமம். அதே 10-ஐ சூப்பர் 16-இல் (16 எம்.எம். பிலிமிலேயே கொஞ்சம் அகலமான ஃபிரேம்) போட்டால் 64 டிகிரி. 28 எம்.எம். பார்த்துப் பழகியவர்கள் எதிர்பார்க்கும் அகலம் அங்கேதான் வருகிறது. உங்களுக்கு வேண்டிய அகலம் எவ்வளவு என்பதை இந்தக் கணக்கோடு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பல பேருக்கு, கையில் இருப்பதே போதும் என்று தெரியவரும்.

மங்கல் பின்னால் இருக்கிறது

"வைடு லென்ஸுக்கு டெப்த் ஆஃப் ஃபீல்டு (ஒரே நேரத்தில் ஷார்ப்பாகத் தெரியும் ஆழம்) அதிகம், ஃபோக்கஸ் பற்றிக் கவலையே வேண்டாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். லென்ஸுக்கு முன்னால் உள்ள உலகத்துக்கு அது உண்மை. லென்ஸுக்குப் பின்னால் நிலைமை வேறு.

லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்திலிருந்து பிலிம் வரைக்கும் ஒரு தூரம் உண்டு. பிளாஞ்ச் தூரம் என்பார்கள். சி-மவுண்ட் என்ற பொருத்து முறையில் லென்ஸைத் திருகி மாட்டும் கேமராக்களில் அது 17.526 மி.மீ. மூன்றாவது தசம இலக்கம் வரை சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 0.05 மி.மீ. பிசகு வந்ததாக வைத்துக்கொள்வோம். தலைமுடியை விட மெல்லிசு. லென்ஸ் அந்த அளவு தள்ளி உட்கார்ந்துவிட்டால், 75 எம்.எம். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தாலும் அது உண்மையில் 112 மீட்டரில் ஃபோக்கஸ் ஆகும். யாருக்கும் தெரியப் போவதில்லை. 25 எம்.எம். என்றால் 12.5 மீட்டர். 10 எம்.எம். என்றால் 2 மீட்டர். 7 எம்.எம். என்றால் ஒரு மீட்டர் கூட இல்லை. குவியத் தூரத்தின் வர்க்கத்தைப் பிசகால் வகுத்தால் வரும் கணக்கு இது. லென்ஸ் அகலமாக ஆக, அதே பிசகு பல மடங்காக வந்து விழுகிறது.

டெலி லென்ஸில் எந்தப் பிசகு இருந்தாலும் நாம் வியூஃபைண்டரில் பார்த்துத் திருப்பிச் சரிசெய்துவிடுகிறோம். வைடில் அது முடியாது. அந்தச் சின்ன ஜன்னலில் எல்லாமே ஷார்ப்பாகத்தான் தெரியும். அதனால் லென்ஸ் மேல் பொறித்த மீட்டர் எண்ணை நம்பி வைத்துவிட்டு எடுக்கிறோம். எண் சொல்வது ஒன்று, பிலிமில் விழுவது வேறு.

இதை நான் ஒரு பித்தளை வளையத்திடமிருந்து கற்றுக்கொண்டேன். பழைய 10 எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கியபோது கூடவே இரண்டு மூடிகளும் ஒரு பிலிம் டப்பாவும் வந்தன. டப்பாவை ஆட்டினால் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. எதன் உதிரியோ என்று நினைத்து அதை ஓரமாக வைத்துவிட்டேன். அந்த லென்ஸில் எடுத்த முதல் ரோல் முழுக்க மங்கல். லென்ஸ் மட்டம் என்று முடிவு செய்து, இன்னொன்று வாங்கப் பணம் சேர்த்தேன். இரண்டாவது லென்ஸ் வந்து, நன்றாக வேலை செய்த பிறகுதான், முதலாவதில் என்னதான் கோளாறு என்று பார்க்கத் தோன்றியது. டப்பாவைத் திறந்தேன். உள்ளே பித்தளையில் ஒரு வளையம், பழைய ஒரு ரூபாய்க் காசின் அகலம். விரல் நுனியில் வைத்தால் எடையே தெரியவில்லை, வியர்வையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.05 மி.மீ. லென்ஸின் பின்பக்கம் மவுண்ட்டைத் திருகும் இடத்தில் உட்கார்ந்து தூரத்தைச் சரிக்கட்ட வேண்டிய மெல்லிய வளையம், அதாவது ஷிம் அது. யாரோ எப்போதோ லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு, அதைத் திரும்பப் போட மறந்திருக்கிறார்கள்.

அது இல்லாததால் லென்ஸ் பிலிமுக்கு அதிகம் நெருங்கி உட்கார்ந்திருந்தது. முடிவிலியில் ஃபோக்கஸ் ஆக, ஸ்கேலை 2 மீட்டரில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்ததோ 3 மீட்டர். அதாவது, அந்த ரோல் முழுக்க உலகத்தில் எந்தப் பொருளும் ஃபோக்கஸில் இல்லை. வளையத்தைப் போட்டு அதே மொட்டைமாடியிலிருந்து அதே தெருவை எடுத்தேன். எதிர் வீட்டுக் கொடியில் துணி காய்வது மட்டும் முன்பு தெரிந்தது. இப்போது துணிமேல் கிளிப் மாட்டியிருப்பதும் தெரிந்தது. ஒரு லென்ஸ் விலையைக் கொடுத்து நான் வாங்கிய பாடம், ஏற்கெனவே என் டப்பாவுக்குள்ளேயே இருந்தது.

ஷிம் மட்டும்தான் காரணம் என்று இல்லை. லென்ஸ் உட்காரும் வளையத்தில் காய்ந்து போன கிரீஸ், ஒரு மணல் துகள், சுமாராகக் கடைந்த அடாப்டர், கேட்டின் (கேமராவுக்குள் பிலிம் நின்று படம் விழும் ஜன்னல்) ஓரத்தில் படிந்த பிலிம் பசை, எதுவானாலும் அதே வேலையைச் செய்யும். மூன்று லென்ஸ் மாட்டும் டரட் உள்ள கேமராக்களில் கனமான ஜூமை நீண்ட காலம் தொங்கவிட்டிருந்தால் தட்டு லேசாகச் சாய்ந்திருக்கும். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அதைச் சந்தேகப்படுங்கள்.

இருக்கிற ஜூமே போதுமா?

சூப்பர் 8 வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு லென்ஸைக் கழற்றவே முடியாது. கேனான் 814 எக்ஸ்.எல்.-எஸ், நிக்கான் ஆர்10, நிசோ 801 எல்லாமே 7 எம்.எம்.-இல் தொடங்கும் ஜூம்கள், நல்ல கண்ணாடிகள். நல்ல நிலையில் இருந்தால் அகல முனை ஏமாற்றாது. ஆனால் இந்த வகைக் கேமராக்களில் ஒரு சிக்கல் உண்டு. வியூஃபைண்டருக்குப் போகும் வெளிச்சத்தை லென்ஸின் நடுவிலேயே, வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐரிஸுக்கு முன்பே, ஒரு முப்பட்டகம் பிரித்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் படம் லென்ஸின் பின்பகுதி வழியாக வருவதே இல்லை. பின்பக்கம் நகர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பிலிமுக்கு மட்டும் தெரியும்.

இதன் அடையாளம் ஒன்றுதான். ஜூமை முழுக்க இழுத்து, ஃபோக்கஸ் வைத்து, அப்படியே அகலத்துக்கு வந்தால், இழுத்து எடுத்தது ஷார்ப்பாகவும் அகலமாக எடுத்தது மங்கலாகவும் இருக்கும். அப்படி இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள். பின் ஃபோக்கஸ், அதாவது லென்ஸின் பின்பக்கத்துக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம், பிசகியிருக்கிறது.

சூப்பர் 8-க்கு இன்னொரு பலவீனம் பிறவியிலேயே உண்டு. பிலிமைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு, 16 எம்.எம்.-இல் கேமராவுக்குள் உலோகத்தில் இருக்கும். சூப்பர் 8-இல் அது கார்ட்ரிட்ஜுக்குள், பிளாஸ்டிக்கில். அதே 1965-இல் ஃபூஜி கொண்டுவந்த சிங்கிள் 8 முறையில் தகட்டைக் கேமராவிலேயே வைத்தார்கள். கூர்மைக்கு அதுதான் நல்ல யோசனை என்று நான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் சூப்பர் 8-தான் நிலைத்தது.

இந்த இரண்டுக்கும் கைவசம் இருக்கும் மருந்து அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் ஓட்டை. எஃப் எண் கூடக் கூட ஓட்டை சிறிதாகும். பிலிம் 0.05 மி.மீ. நகர்ந்திருந்தால், எஃப்/1.8-இல் ஒரு புள்ளி 0.028 மி.மீ. வட்டமாகப் பரவும். 5.79 மி.மீ. அகலத்தில் அப்படிப்பட்ட வட்டங்கள் சுமார் இருநூறுதான் அடங்கும். மங்கல் என்றால் அதுதான். எஃப்/5.6-க்கு மூடினால் அந்த வட்டம் 0.009 ஆகச் சுருங்குகிறது. பிசகு அங்கேயே இருக்கிறது, ஆனால் தெரியவில்லை.

அப்படியானால் எஃப்/16 வரை மூடிவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஓட்டை சிறிதாக ஆக, வெளிச்சமே விளிம்பில் வளைந்து பரவும். எஃப்/16-இல் எவ்வளவு உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு புள்ளி 0.021 மி.மீ. வட்டமாகத்தான் விழும். ஸ்டில் கேமராவின் பெரிய ஃபிரேமில் இது பொருட்டே இல்லை. சூப்பர் 8-இல் ஃபிரேம் அகலத்துக்கு 270 வட்டங்கள், மறுபடி அதே மங்கல். எஃப்/4-இல் ஆயிரத்துக்கு மேல் அடங்கும்.

நம்மில் பலருடைய மங்கலான வெயில் ஷாட்டுகளுக்குக் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். நல்ல வெயிலில், மெதுவான (வெளிச்சம் அதிகம் கேட்கும்) பிலிமான கோடாக் 50D போட்டாலே, நொடிக்கு 24 ஃபிரேமில், எஃப்/16-க்குப் போய்விடும். 200T போட்டால் இன்னும் மூட வேண்டும். ஆட்டோ எக்ஸ்போஷர் கேமரா ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டே போகும். இதற்குத் தேவை, நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர். 50D-க்கு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) என்.டி. (0.9) போட்டால் எஃப்/5.6-க்கு வந்துவிடலாம். 200T-க்கு ஐந்து ஸ்டாப் வேண்டும். எல்லா வைடு லென்ஸையும் விட இதுதான் மலிவு, பலனும் உடனே தெரியும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் போடாதீர்கள், அகல முனையில் மூலைகள் கறுக்கும். தேவைக்கேற்ற ஒற்றை ஃபில்டரையே வாங்குங்கள்.

7 எம்.எம்., எஃப்/4, ஸ்கேலில் 1.2 மீட்டர். பின் ஃபோக்கஸ் சரியாக இருக்கும் சூப்பர் 8 கேமராவில் இது 60 செ.மீ. முதல் தொடுவானம் வரை பிடிக்கும். கேமராவோடு ஒட்டிவைக்க வேண்டிய வாய்ப்பாடு.

கன்வெர்ட்டர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முன்னால் திருகும் 0.5 மடங்கு, 0.7 மடங்கு கன்வெர்ட்டர்கள் நடுவில் ஓரளவு சரியாகவும் ஓரங்களில் குழைந்தும் போகும். வீடியோ கேமராவுக்காகச் செய்த மலிவானவற்றில் ஓரம் நிறம் பிரிந்து இழுபடும். சில கன்வெர்ட்டர்கள் ஜூமின் அகல முனையில், அதுவும் மிக அருகில் எடுப்பதற்கான மேக்ரோ நிலையில் மட்டுமே ஃபோக்கஸ் ஆகும். அது தெரியாமல் ஜூமை நகர்த்தினால் அந்த ஷாட் போச்சு. அந்தக் கேமராவுக்கென்றே அதே கம்பெனி செய்த இணைப்பு கிடைத்தால் வாங்கலாம். எஃப்/5.6 அளவுக்கு மூடினால் நன்றாகவே வரும். மற்றபடி, ஒரு சின்ன அறைக்குள் நின்று எடுத்தே ஆக வேண்டும், ஷார்ப்பை விட அகலம்தான் முக்கியம் என்ற நிலைமைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தனி லென்ஸ் வாங்குவதென்றால்

லென்ஸ் கழற்றும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதுதான் நிஜமான வழி. தப்பாக வாங்குவதற்கு இடம் அதிகம் உள்ளதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் சேன்ட்-குரோவா ஊரின் பையார் கம்பெனி செய்த போலெக்ஸ் எச்16 கேமராவை எடுத்துக்கொள்வோம். 1935-இல் வந்தது, 1956-இல் அதற்கு, படமெடுக்கும் லென்ஸ் வழியாகவே பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் வியூஃபைண்டர் சேர்ந்தது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தடிமனில் ஒரு கண்ணாடி முப்பட்டகத்தை வைத்து, வெளிச்சத்தில் கால்பங்கு அளவைப் பிரித்துக் கண்ணுக்கு அனுப்பினார்கள். கண்ணாடி வழியாக வரும் ஒளி சற்றுத் தள்ளிக் குவியும். அதற்கேற்ப லென்ஸ் உட்காரும் இடத்தை 17.526-இலிருந்து 20.76 மி.மீ.-க்கு நகர்த்தினார்கள். அதனால் சாதாரண சி-மவுண்ட் லென்ஸைத் திருகினாலும் ஃபோக்கஸ் கிட்டத்தட்ட சரியாகவே விழும். பார்த்தால் எல்லாம் பொருந்திவிட்ட மாதிரி இருக்கும்.

பொருந்தாதது ஒன்று உண்டு. அவ்வளவு தடிமனான கண்ணாடி வழியாகச் சாய்ந்து வரும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடாது. லென்ஸ் எவ்வளவு அகலமோ, அபர்ச்சர் எவ்வளவு திறந்திருக்கிறதோ, அவ்வளவு மோசம். ஆராவ் நகரத்தின் கெர்ன் கம்பெனி இந்தக் கண்ணாடியையும் கணக்கில் சேர்த்து வடிவமைத்த லென்ஸ்களில்தான் ஆர்எக்ஸ் என்று பொறித்திருக்கும். 50 எம்.எம்.-க்குக் கீழே ஆர்எக்ஸ் லென்ஸ் போடுங்கள் என்பதுதான் இந்தக் கேமராக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் விதி. ரிஃப்ளெக்ஸ் போலெக்ஸுக்கு ஒரே ஒரு வைடு வாங்குவதென்றால், நான் கை காட்டுவது கெர்ன் சுவிட்டார் 10 எம்.எம். எஃப்/1.6 ஆர்எக்ஸ். சாதாரண சி-மவுண்ட் 10 எம்.எம். ஏற்கெனவே கையில் இருந்தால் விற்றுவிட வேண்டியதில்லை. எஃப்/5.6-க்கு மேல் மூடி வெளிப்புறத்தில் எடுங்கள், வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. ரிஃப்ளெக்ஸ் இல்லாத பழைய போலெக்ஸ் என்றால் கண்ணாடியே இல்லை, ஆர்எக்ஸுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

இங்கே விழக்கூடிய குழி இரண்டு. சுவிட்டார் 5.5 எம்.எம். என்று ஒன்று விற்பனைக்கு வரும். 16 எம்.எம். கேமராவில் 5.5 என்றால் எவ்வளவு அகலம் என்று ஆசையாக இருக்கும். அதன் மேல் எச்8 ஆர்எக்ஸ் என்று பொறித்திருக்கும். அது 8 எம்.எம். போலெக்ஸுக்கானது. திருகில் பொருந்தும், ஆனால் முடிவிலியில் ஃபோக்கஸ் ஆகாது, ஃபிரேமையும் மூடாது. இரண்டாவது குழி இன்னும் ஆபத்தானது. சில வைடு லென்ஸ்களின் பின்கண்ணாடி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். போலெக்ஸில் அது முப்பட்டகத்தை இடிக்கும். போலியூ 4008 போன்ற சூப்பர் 8 கேமராவில் ஏறி இறங்கும் கண்ணாடி ஷட்டரை இடிக்கும். வாங்குவதற்கு முன் பின்பக்கத்தின் போட்டோ கேளுங்கள். திருகும்போது எங்காவது தட்டுகிற உணர்வு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சி-மவுண்ட் கேமராவுக்கு இன்று புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராவுக்கும் தொழிற்சாலைக் கேமராவுக்கும் செய்தவை. அவற்றைத் தாழ்வாக நினைக்க வேண்டாம், எஃப்/4-இல் நல்ல கூர்மையாக வருபவை இருக்கின்றன. அளவைப் பார்த்து வாங்க வேண்டும். அரை அங்குல சென்சாருக்கான லென்ஸ் 8 மி.மீ. வட்டத்தை மூடும். சூப்பர் 8-இன் மூலைவிட்டம் 7 மி.மீ.தான், ஆகவே போதும். 16 எம்.எம்.-இன் மூலைவிட்டம் 12.7 மி.மீ. 2/3 அங்குலத்துக்கானது 11 மி.மீ. வரைதான் பொறுப்பேற்கும். ஒரு அங்குலத்துக்கானதைத் தேடுங்கள். சி.எஸ். மவுண்ட் என்று போட்டிருந்தால் வேண்டாம். திருகு ஒன்றுதான், பிளாஞ்ச் தூரம் 5 மி.மீ. குறைவு, தூரத்தில் உள்ள எதுவும் ஃபோக்கஸ் ஆகாது.

பழைய லென்ஸ் எதுவானாலும் டார்ச் அடித்து உள்ளே பார்த்து வாங்குங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஈரத்தில் பல வருடம் அலமாரியில் இருந்த லென்ஸில் பூஞ்சை நூல் மாதிரி ஓடியிருக்கும்.

பெரிய பிலிமுக்கு மாறுவது

லென்ஸும் சரி, பின் ஃபோக்கஸும் சரி, அபர்ச்சரும் சரி, இன்னும் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் பிலிமின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். 6 எம்.எம். லென்ஸ் போட்ட சூப்பர் 8 கேமராவுக்கு முன்னால் 10 மீட்டரில் ஒருவர் நிற்கிறார். அவருடைய 20 செ.மீ. முகம் பிலிமில் 0.12 மி.மீ. உயரம் விழும். மரத்தில் இருக்கும் 5 செ.மீ. இலை 0.03 மி.மீ. பிலிமில் படத்தை உண்டாக்கும் மணிகளுக்கு (கிரெயின்) நடுவே அந்த இலைக்கு இரண்டு மூன்று புள்ளிகள்தான் கிடைக்கும். உலகத்தின் எந்த லென்ஸாலும் அதை நான்காக்க முடியாது.

அதே காட்சியை ஏறக்குறைய அதே அகலத்தில் 16 எம்.எம்.-இல் 10 எம்.எம். லென்ஸ் வைத்து எடுத்தால் அந்த முகம் 0.2 மி.மீ. ஆகிறது. ஃபிரேமின் பரப்பு மூன்று மடங்குக்கு மேல். சுவீடன் ஒளிப்பதிவாளர் ரூன் எரிக்சன் 1970 வாக்கில் உருவாக்கிய சூப்பர் 16, பிலிமை நகர்த்தும் துளைகளில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அந்த இடத்தையும் படத்துக்குப் பயன்படுத்துகிறது. அகலம் 12.52 மி.மீ. ஆகிறது. கோயில் மண்டபம், சந்தை, வயல்வெளி என்று அகலக் காட்சிகளே உங்கள் படத்தின் உயிர் என்றால், சூப்பர் 8-க்கு 5 எம்.எம். லென்ஸ் தேடும் காசை 16-க்கு மாறுவதில் போடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எல்லா 10 எம்.எம். லென்ஸும் சூப்பர் 16-இன் மூலையை எட்டாது. சோதித்துப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள்.

மாற வசதி இல்லாதவர்களுக்கு: 500T-யை இரவுக்கு ஒதுக்கிவிட்டு, பகலுக்கு 50D போடுங்கள். வைடு ஷாட்டில் பெரிய பொருள் ஒன்றை முன்னால் கொண்டுவாருங்கள். ஒன்றரை மீட்டரில் ஒரு சைக்கிள் நின்றால், அதன் கம்பிகளின் கூர்மையைப் பார்த்த கண் பின்னால் உள்ள இலைகளை மன்னித்துவிடும். ஏமாற்று வேலை இல்லை இது. சின்ன பிலிமை நன்றாக எடுப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அளந்து பார்ப்பது எப்படி

சுவரில் செய்தித்தாள் பக்கங்களை ஒட்டுங்கள், நடுவிலும் நான்கு மூலைகளிலும். கேமராவை டிரைபாடில் ஏற்றி, உடம்பில் பொறித்திருக்கும் பிலிம் தளக் குறியிலிருந்து டேப் பிடித்துச் சரியாக 3 மீட்டர். 16 எம்.எம்.-இல் 10 எம்.எம். லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் மூன்று மீட்டர் அகலச் சுவர் தெரியும். அபர்ச்சரை முழுக்கத் திறந்து, ஸ்கேலை 1.5, 2, 3, 5, முடிவிலி என்று மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் மூன்று விநாடி எடுங்கள். வெளிச்சம் அதிகமானால் மாலையில் எடுங்கள், அல்லது என்.டி. போடுங்கள், அபர்ச்சரை மட்டும் மூடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதத்தில் எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதையே எஃப்/5.6-இல். ஜூம் என்றால் இரு முனைகளிலும். 16 எம்.எம்.-இல் 100 அடி ரோல், நொடிக்கு 24 ஃபிரேமில், 2 நிமிடம் 46 விநாடி ஓடும், இந்தச் சோதனைக்கு அதில் ஒரு நிமிடம் போதும்.

ரோல் வந்ததும் முதலில் பிலிமின் மணிகளைப் பாருங்கள். மணியே மங்கலாக இருந்தால் ஸ்கேனரில்தான் தவறு, திரும்ப ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மணி கூர்மையாக இருந்து எழுத்து மங்கலாக இருந்தால் கேமராவைப் பார்க்க வேண்டும். 3-இல் வைத்தபோது எழுத்து மிகக் கூர்மை என்றால் உங்கள் கேமரா சரி, மேலே சொன்ன லென்ஸ் வாங்கத் தாராளமாகப் போகலாம். 1.5-இல்தான் கூர்மை என்றால் லென்ஸ் பிலிமுக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது. 5-இலோ முடிவிலியிலோ கூர்மை என்றால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. எந்த எண்ணிலும் நடுப்பகுதி கூர்மையாக இல்லையென்றால் லென்ஸின் உள்ளேதான் கோளாறு. இரண்டு லென்ஸ்களும் ஒரே பக்கம் பிசகினால் குற்றவாளி கேமரா உடம்பு. ஒன்று மட்டும் பிசகினால் அந்த லென்ஸ்.

பிலிம் செலவழிக்க மனம் இல்லாவிட்டால் இன்னொரு வழி உண்டு. கேமராக் கதவைத் திறந்து, 16 எம்.எம். என்றால் அழுத்தும் தகட்டை விலக்கி, பிலிம் ஓடும் இடத்தில் மேட் செலோடேப் ஒரு துண்டை இழுத்து ஒட்டுங்கள். ஷட்டரைத் திறந்து நிறுத்திவிட்டு, இரவில் தூரத்துத் தெருவிளக்கை நோக்கித் திருப்பி, சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியும் லூப்பும் (உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். முடிவிலிக் குறியில் விளக்கு ஊசிமுனையாக நிற்க வேண்டும். பிசகின் அளவை இது துல்லியமாகச் சொல்லாது. பிசகு இருக்கிறதா என்பதைச் சொல்லும். பார்த்து முடித்ததும் டேப்பின் பசை கேட்டில் ஒட்டாமல் துடைத்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "வைடு மங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். லென்ஸையும் கேமராவையும் சேர்த்துக் கொடுத்து, பிளாஞ்ச் தூரத்தை அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். லென்ஸைப் பிரித்தால் உள்ளே இருந்த ஷிம்கள் எத்தனை, என்ன தடிமன் என்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் 10 எம்.எம். லென்ஸின் பின்மூடிக்குள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறேன். "ஷிம் 1, பித்தளை, 0.05, பிரித்தால் திரும்பப் போடவும்" என்று அதில் எழுதியிருக்கிறது.